பெயின்ட் நிறத்தை மட்டும் கேட்டார்கள்: குடியிருப்போர் குழு பற்றிய கேள்வி பதில்

லண்டனில் கவுன்சில் (உள்ளூராட்சி சபை) வீட்டில் பதினேழு வருடம் வாடகைக்கு இருந்தேன். அதில் ஆறு வருடம் குடியிருப்போர் குழுவில் இருந்துவிட்டுத் திருகோணமலைக்குத் திரும்பி வந்தவள் நான். தொடர்மாடி, வீட்டுத்திட்டம் பற்றி நீங்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

உப்புவெளி: அக்கா, அங்கே வாடகைக்காரரைக் கேட்காமல் ஒன்றும் செய்யமாட்டார்களாம் என்று மச்சாள் சொல்கிறா. மெய்யா, புளுகா?

பாதி மெய். முகாமைத்துவத்தில் பெரிய மாற்றம் வந்தால் கவுன்சில் வாடகைக்காரரிடம் முதலில் கருத்துக் கேட்க வேண்டும் என்று இங்கிலாந்தின் 1985 வீடமைப்புச் சட்டம், 105ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் வாடகைத் தொகையை அந்தப் பிரிவு விலக்கி வைத்திருக்கிறது! மச்சாள் அதைச் சொல்லியிருக்கமாட்டா.

பாலையூற்று: நிர்வாக சபையில் நமக்கு ஒரு கதிரை கிடைத்தால் போதாதா?

போதாது தம்பி. 2017 ஜூன் 14இல் லண்டனில் கிரென்ஃபெல் கோபுரம் என்ற கவுன்சில் தொடர்மாடி எரிந்து 72 பேர் இறந்தார்கள். அதை நடத்திய நிறுவனத்தின் சபையில் குடியிருப்போரும் இருந்தார்கள். நெருப்பு ஆபத்தைப் பற்றி அங்கே வசித்தவர்கள் முன்கூட்டியே எழுதியும் இருந்தார்கள். கதிரை இருந்தது, காது இருக்கவில்லை.

அதன் பிறகுதான் 2023இல் புதிய சட்டம் வந்தது. இப்போது 1,000 அல்லது அதற்கு மேற்பட்ட சமூக வீடுகளை வைத்திருக்கும் கவுன்சில்களும் நிறுவனங்களும் தங்கள் வேலை எப்படி என்று காட்டும் 22 அளவீடுகளை ஆண்டுதோறும் வீடமைப்புக் கண்காணிப்பு அமைப்புக்குக் கொடுக்க வேண்டும். அதில் 12 வாடகைக்காரரையே கேட்டு எடுப்பவை. 'நீங்கள் சொல்வதைக் கேட்டு அதன்படி நடக்கிறார்களா' என்பதும் அதில் ஒரு கேள்வி.

எங்கள் குழுவில் கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்னர்தான் கட்டுக் கட்டாகக் கடதாசி வரும். படித்து முடிப்பதற்குள் கை உயர்த்தச் சொல்வார்கள். 'பத்து நாள் முன்னர் தராவிட்டால் வாக்கில்லை' என்று நாங்கள் எழுதிக் கொடுத்தபிறகுதான் கொஞ்சம் திருந்தியது.

திருக்கடலூர்: சுனாமிக்குப் பிறகு எங்களுக்குக் கட்டித் தந்த வீட்டில், எங்களைக் கேட்டுத்தான் கட்டினோம் என்கிறார்கள். கேட்டது பெயின்ட் நிறம் மட்டும்.

என் சித்தி வீட்டிலும் இதே கதைதான். அடுப்படிக் கதவைக் கடலைப் பார்த்து வைத்துவிட்டார்கள். மார்கழியில் வாடை அடித்தால் சாரல் நேரே அடுப்புக்குள். சித்தி இன்றைக்கும் அந்தக் கதவில் உரச்சாக்கைத் தொங்கவிட்டுத்தான் சமைக்கிறா. படம் கீறுமுன் அவவைக் கேட்டிருந்தால் அரை நிமிடத்தில் சொல்லியிருப்பா. சுவர் எழும்பிய பிறகு கேட்க மிஞ்சுவது நிறம்தானே!

குடியிருப்பவரிடம் முடிவை விடுவது நம் நாட்டுக்குத் தெரியாத வித்தையும் இல்லை. பிரேமதாச பிரதமராக இருந்தபோது 1984இல் தொடங்கிய பத்து இலட்சம் வீட்டுத் திட்டத்தில் அரசு கடனும் ஆலோசனையும் கொடுக்க, வீட்டை எப்படிக் கட்டுவது என்பதைக் குடும்பங்களே தீர்மானித்தன.

ஓர்ஸ் ஹில்: தொடர்மாடித் தண்ணீர்த் தாங்கியைத் திருத்தப் பணம் ஒதுக்கியாயிற்றாம். எவ்வளவு என்று கேட்டால் அதிகாரி சிரிக்கிறார்.

சிரிக்கட்டும். நீங்கள் எழுத்தில் கேளுங்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. அந்த அலுவலகத்தின் தகவல் அலுவலருக்குத் தமிழிலேயே எழுதலாம், காரணம் சொல்லத் தேவையில்லை. 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் மேன்முறையீடு, அதுவும் சரிவராவிட்டால் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு.

ஒன்று கவனியுங்கள். 'ஏன் இன்னும் திருத்தவில்லை' என்று எழுதினால் சாட்டுத்தான் வரும். ஒதுக்கிய தொகை, மதிப்பீட்டின் பிரதி, ஒப்பந்தகாரருக்கு எந்தத் தேதியில் எவ்வளவு கொடுத்தார்கள் – இவற்றைக் கேளுங்கள். கோப்பில் இருப்பதைக் கேட்டால் தட்டிக்கழிப்பது கஷ்டம்.

அதே தொடர்மாடியில் வாடகைக்கு இருப்பவர்: எனக்கும் வாக்கு உண்டா?

கூட்டாதனமாக, அதாவது ஒவ்வொரு வீட்டுக்கும் தனி உரிமையாளர் என்று பதிந்த தொடர்மாடி என்றால், அதை நடத்தும் முகாமைத்துவக் கூட்டுத்தாபனத்தில் வீட்டு உரிமையாளர்கள்தான் உறுப்பினர்கள். வாடகைக்காரருக்கு இடமில்லை. உரிமையாளருக்குப் பதிலாக வாக்களிக்க அவரிடம் பதிலாள் கடிதம் வாங்கப் பாருங்கள்.

சாம்பல்தீவு: எங்கள் குழுக் கூட்டத்துக்குப் பெண்கள் வருவதேயில்லை. அக்கறை இல்லையோ?

எத்தனை மணிக்குக் கூட்டம் வைக்கிறீர்கள்? இரவு ஏழு என்றால் அது புட்டு அவிக்கிற நேரம். ஞாயிறு பின்னேரம் நாலு மணிக்கு ஒருதரம் வைத்துப் பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.