பழைய டிராக்டருக்கு முழுதாக வயரிங் மாற்றுகிறேன். எந்த அளவு வயர் வாங்க வேண்டும்?

முதலில், வீட்டு வயரிங்கில் மிஞ்சிய சுருளைத் தொடாதீர்கள். நான் தொட்டேன்.

எங்கள் காடு கொடைக்கானல் மேல்மலையில், மன்னவனூரில். அப்பா காலத்து 35 குதிரைத்திறன் வண்டி. எலி கடித்ததையெல்லாம் பிடுங்கிவிட்டு, வீடு கட்டியபோது மீந்த 1 சதுர மில்லிமீட்டர் வயரை ஹெட்லைட் வரை இழுத்தேன். எரிந்தது; மகிழ்ச்சி. அன்று மாலை பூம்பாறையிலிருந்து திரும்பும்போது மூடுபனி. எதிரே வந்த ஜீப்காரர் வளைவில் மிக அருகில் வந்துதான் என்னைப் பார்த்தார். பிரேக் போட்டு நிறுத்தி, "அகல் விளக்கையா மாட்டியிருக்கிறாய், தம்பி?" என்றார்.

மறுநாள் விளக்கைப் போட்டு மீட்டர் வைத்துப் பார்த்தேன். பாட்டரியில் 12.3 வோல்ட், பல்பில் 10.8. இரண்டு 55 வாட் பல்புகளும் சேர்ந்து சுமார் 9 ஆம்பியர் இழுக்கின்றன. 1 சதுர மில்லிமீட்டர் செம்பு வயருக்கு மீட்டருக்கு 0.0175 ஓம் தடை. பாட்டரியிலிருந்து சுவிட்ச் வழியாக விளக்கு வரை 4 மீட்டர். பெருக்கினால் 0.6 வோல்ட்டுக்கு மேல் வயரே தின்றுவிடுகிறது. மீதியைத் தின்றது பழைய சுவிட்சும், மின்சாரம் வண்டி உடல் வழியாகப் பாட்டரிக்குத் திரும்பும் எர்த் இணைப்பில் துருப்பிடித்த போல்ட்டும். ஹாலஜன் பல்பில் வோல்ட் 10 சதவீதம் குறைந்தால் வெளிச்சம் 30 சதவீதம் போய்விடும்.

ஆகவே எத்தனை ஆம்பியர், எத்தனை மீட்டர் என்ற இரண்டையும் பார்த்துத்தான் அளவு. இப்போது ஹெட்லைட்டுக்கு 2.5 சதுர மில்லிமீட்டர், பின் விளக்குக்கும் இண்டிகேட்டருக்கும் 1, ஹாரனுக்கு 1.5, ஆல்டர்னேட்டரிலிருந்து பாட்டரிக்கு வரும் சார்ஜ் வயர் 6 போட்டிருக்கிறேன். என்னுடையது 35 ஆம்பியர் ஆல்டர்னேட்டர். உங்களுடையது பெரிது என்றால் இன்னும் தடிப்பாகப் போடுங்கள்.

செல்ஃப் மோட்டார் கேபிள் தனிக் கதை. சுற்றும் அந்தச் சில நொடிகளில் 200 ஆம்பியர்கூட இழுக்கும். மார்கழி உறைபனியில் எண்ணெய் கெட்டியாகி, பாட்டரியும் சோர்ந்து கிடக்கும்போது கேபிளும் மெலிந்திருந்தால் "டக்" என்ற சத்தத்தோடு சரி. 35 சதுர மில்லிமீட்டருக்குக் குறையாதீர்கள். 50 போட்டால் இன்னும் நல்லது. பலர் பிளஸ் கேபிளைத் தடிப்பாக வாங்கிவிட்டு எர்த்துக்கு ஏதோ ஒன்றை மாட்டுகிறார்கள். போன மின்சாரம் முழுதும் அந்த வழியாகத்தானே திரும்ப வேண்டும்? எர்த்தும் அதே தடிமன்தான். போல்ட்டைப் பூட்டும் இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டி, இரும்பு பளிச்சென்று தெரிய வேண்டும்.

கடையில் வெளித் தோலின் பருமனைப் பார்த்து ஏமாறாதீர்கள், செம்பைக் கேளுங்கள். 28/0.30 என்று போட்டிருந்தால் 0.3 மில்லிமீட்டர் இழை 28, அதாவது ஏறத்தாழ 2 சதுர மில்லிமீட்டர். ஒற்றைக் கம்பி வயர் டிராக்டர் அதிர்வில் ஒடிந்துவிடும்.

ஃபியூஸ் பாட்டரிக்குப் பக்கத்தில் இருக்கட்டும். அது காப்பாற்றுவது வயரை, பல்பை அல்ல. ஹெட்லைட்டின் 2.5 வயருக்கு 15 ஆம்பியர் போட்டிருக்கிறேன்.

முறுக்கி டேப் சுற்றும் வேலை மலையில் எடுபடாது. ஈரம் உள்ளே போய் ஆறே மாதத்தில் செம்பு பச்சைக் களிம்பு பிடிக்கிறது. வயர் முனையில் மாட்டும் உலோகக் கொண்டியான லக் வைத்து அழுத்தி, மேலே சூடு காட்டினால் சுருங்கும் ஸ்லீவ் போடுங்கள். பிறகு எல்லாவற்றையும் நெளிகுழாய்க்குள் விடுங்கள், எலிக்காக. பூண்டு வாசனைக்கு எலி வராது என்பார்கள். எங்கள் டிராக்டர் நிற்பதே பூண்டு கட்டித் தொங்கவிடும் கொட்டகையில்தான்.