377 பத்தி கேளுங்க, தெரிஞ்சத சொல்றேன்

சத்துவாச்சாரி கோர்ட்ல வக்கீல் நான். 377ன்னா, ஆணும் ஆணும், பொண்ணும் பொண்ணும் சேர்றத குத்தம்னு வெச்சிருந்த பழைய ஐபிசி (இந்திய தண்டனைச் சட்டம்) செக்‌ஷன். இன்னிக்கு அந்த 377 தீர்ப்பு மட்டும்தான், பட்டா கேள்வி வேணாம். பொதுவா ஒன்னு, ஸ்டேஷன்ல எது குடுத்தாலும் படிக்காம கையெழுத்து போடாதீங்க.

ராணிப்பேட்டை தம்பி: அண்ணா, 377 மொத்தமா போச்சா?

2018 செப்டம்பர் 6ல சுப்ரீம் கோர்ட் அஞ்சு ஜட்ஜும் ஒத்துமையா சொன்னது, மேஜரான ரெண்டு பேர் இஷ்டப்பட்டு தனியா இருந்தா குத்தம் இல்லன்னு மட்டும்தான். பலவந்தத்துக்கு அந்த செக்‌ஷன் இருந்துச்சு. 2024 ஜூலை 1ல ஐபிசிக்கு பதிலா பாரதிய நியாய சன்ஹிதா வந்தப்போ அதையும் சேக்காம விட்டுட்டாங்க, இப்ப ஒரு ஆம்பளைய இன்னொருத்தன் பலவந்தம் பண்ணா ரேப்புன்னு போட வழியே இல்ல, காயம் அது இதுன்னு தான் போடணும். பெரிய ஓட்டை அது.

காட்பாடி: ரெண்டு பசங்க கல்யாணத்த ரிஜிஸ்டர் பண்ணலாமா?

முடியாது. 2023 அக்டோபர் 17, சுப்ரியோ கேஸ்ல சுப்ரீம் கோர்ட்டே இந்தக் கல்யாணத்துக்கு அங்கீகாரம் குடுக்கல.

ஆற்காடு: இதெல்லாம் வெள்ளக்காரன் பழக்கம் சார், நம்ம ஊர்ல ஏது?

இன்னாத்த சொல்றது. 1860ல அந்த செக்‌ஷன எழுதி நம்ம தலையில கட்டுனதே வெள்ளக்காரன்தான், மெக்காலே காலத்து டிராஃப்ட். அவன் ஊர்லயே 1967ல தளர்த்திட்டான், நாம இன்னும் அம்பது வருஷம் சொமந்தோம்.

ஆற்காடு: 2013ல சுப்ரீம் கோர்ட்டே 377 செல்லும்னுச்சே?

ஆமா, ரெண்டு ஜட்ஜு. 2009 டெல்லி ஹைகோர்ட் தீர்ப்ப கவுத்தாங்க. 2017ல அந்தரங்க உரிமை கேஸ்ல ஒம்போது ஜட்ஜு பெஞ்ச்லயே அதுக்கு திட்டு விழுந்துச்சு, 2018ல அந்த 2013 தீர்ப்பே மொத்தமா ரத்து. இப்ப அத காட்றது பழைய ஐநூறு ரூபா நோட்ட நீட்ற மாதிரி.

குடியாத்தம்: என் ஃபிரண்ட அவங்க வீட்ல பூட்டி வெச்சிருக்காங்க. நாங்க ரெண்டு பேரும் பொண்ணுங்க.

இத கேக்கத்தான்மா நான் உக்காந்ததே. ஹைகோர்ட்ல ஆட்கொணர்வு மனு போடலாம், அதாவது பூட்டி வெச்ச ஆள கோர்ட்டுக்கு கொண்டாந்து நிறுத்த சொல்ற மனு. 2025 மே மாசம் நம்ம வேலூர் மாவட்டத்து கேஸ்தான், ஜட்ஜுங்க அந்தப் பொண்ணுகிட்டயே பேசிட்டு, மேஜர், இஷ்டப்பட்ட எடத்துக்கு போலாம்னு அனுப்பிட்டாங்க. கல்யாணம் பண்ணாத்தான் குடும்பமா, தானா தேர்ந்தெடுத்த குடும்பமும் குடும்பந்தான்னு எழுதினாங்க, பொண்ண வீட்டோட அனுப்புன போலீசுக்கும் நல்லா குடுத்தாங்க. வயசு சர்டிஃபிகேட் காப்பி, அவங்க கைப்பட அனுப்புன மெசேஜ் எல்லாம் பத்திரமா வெச்சுக்கோ. "சமாதானமா போறோம்"னு எழுதி வாங்க பாப்பாங்க, கையெழுத்து போடாத.

ஆம்பூர்: டாக்டர்கிட்ட கூட்டிட்டு போய் சரி பண்ணலாமா?

நோயா இது, சரி பண்ண? 2021 ஜூன் 7ல சென்னை ஹைகோர்ட் ஜட்ஜ் ஆனந்த் வெங்கடேஷ் அந்த மாதிரி வைத்தியத்த தடை பண்ண சொல்லிட்டாரு. அந்த கேஸுக்காக அவரே ஒரு சைக்காலஜிஸ்ட்கிட்ட போய் உக்காந்து கத்துகிட்டாரு. நீங்களும் போங்க.

வாணியம்பாடி: கல்யாணம் ரிஜிஸ்டர்...

மேல காட்பாடிக்கு சொன்னேன்ல.

பேர் வேணாம்: ஆப்ல பழகுன ஒருத்தன், வீட்டுக்கு சொல்லிடுவேன்னு பணம் கேக்கறான்.

ஒத்த ரூபா குடுக்காத. 377 இருந்தவரைக்கும் போலீசுக்கு போனா நீதான் மாட்டுவ, அதான் அவங்க தைரியம். இப்ப குத்தவாளி அவன்தான், மிரட்டிப் பணம் பறிக்கறது நியாய சன்ஹிதா செக்‌ஷன் 308. சாட்ட அழிக்காத, ஆன்லைன்ல பணம் போயிருந்தா 1930க்கு அடி. புகார நீயே எழுது, ரைட்டர் எழுதிக் குடுத்தா படிக்காம கையெழுத்து போடாத.