யன்னலை மாற்றும் முன் கூரைக்குள் ஏறிப் பாருங்கள்

கேள்வி: என் அண்ணா கனடாவில், ரொறன்ரோ ஸ்காபரோவில் இருக்கிறார். 1970களில் கட்டிய வீடு. அம்மாவின் பணமும் என் பணமும் போட்டுத்தான் வாங்கினார், அதனால் எனக்கும் அதில் பங்கு உண்டு. அடுத்த வசந்த காலத்தில் விற்கப் போகிறார். “குளிர் நாட்டில் வீடு வாங்குகிறவர்கள் சூடாக்கும் செலவைத்தான் பார்ப்பார்கள். எல்லா யன்னலையும் மூன்று கண்ணாடி யன்னலாக மாற்றி, ஹீட் பம்ப்பும் போட்டால் நல்ல விலை போகும்” என்கிறார். செலவில் பாதியை என்னிடம் கேட்கிறார். வருடம் முழுக்க ஃபேன் போட்டுக்கொண்டு இருக்கிற எனக்கு இதில் எது சரி என்றே தெரியவில்லை. கொடுக்கலாமா?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: அண்ணா சொல்வதில் ஒரு விஷயம் முழுக்கச் சரி. ரொறன்ரோவில் வருடத்தில் பாதிக்கு வீட்டைச் சூடாக்கியே ஆக வேண்டும். நாம் கொழும்பில் ஃபிளாட் பார்க்கப் போனால் தண்ணீர் ஒழுங்காக வருமா, லிஃப்ட்டுக்கு ஜெனரேட்டர் உண்டா என்று கேட்கிற மாதிரி, அங்கே வாங்க வருகிறவர் போன குளிர்காலத்து காஸ் பில் எவ்வளவு என்று கேட்பார்.

ஆனால் எங்கே தொடங்குவது என்பதில் அவரோடு எனக்கு உடன்பாடில்லை. முதலில் காற்று போகும் இடைவெளிகளை அடைக்க வேண்டும். அடுத்தது கூரை, அதற்கடுத்தது சூடாக்கும் இயந்திரம். யன்னல் கடைசி. யன்னல் கண்ணுக்குத் தெரிவதால் எல்லாருக்கும் முதலில் அதுதான் நினைவுக்கு வருகிறது, செலவும் அதற்குத்தான் கூட.

வெப்பம் வெளியே போகாமல் தடுக்கும் திறனை அங்கே ஆர் என்ற எண்ணால் சொல்கிறார்கள். எண் கூடக் கூட நல்லது. இரட்டைக் கண்ணாடி யன்னல் ஏறக்குறைய ஆர் 2 அல்லது 3, மூன்று கண்ணாடி போட்டால் 5 அளவுக்கு வரும். சீலிங்குக்கு மேலே, கூரைக்குக் கீழே அற்றிக் என்று ஓர் இடம் இருக்கிறதல்லவா? பழைய வீட்டில் அங்கே வெப்பத்தைத் தடுக்கும் பஞ்சு போன்ற இன்சுலேசன் ஆறு அங்குலம் கிடந்தால் அது ஆர் 20ஐ ஒட்டி இருக்கும். மேலே செலுலோஸ் என்ற காகித நார்த் தூளை ஊதி 17 அங்குலத்துக்கு உயர்த்தினால் ஆர் 60ஐத் தொடும். இப்போது ஒன்ராறியோவில் புதிதாகக் கட்டும் வீடுகளில் பெரும்பாலும் அந்த அளவுதான். வீட்டின் முழுப் பரப்புக்கும் ஒரே தடவையில் 40 எண் கூடுகிறது. அத்தனை யன்னலையும் மாற்றினாலும், சுவரில் சிறு பங்கான இடத்தில் இரண்டோ மூன்றோதான் கூடும்.

இதை நீங்கள் வெள்ளவத்தையில் இருந்தபடியே சோதிக்கலாம். பனி கொட்டிய மறுநாள் காலை, வெயில் ஏறும் முன், தன் வீட்டுக் கூரையையும் பக்கத்து வீட்டுக் கூரைகளையும் சேர்த்து ஒரு படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். மற்றக் கூரைகளில் பனி ஒரே சீராகக் கிடக்க, அண்ணாவின் கூரையில் மட்டும் அங்கங்கே கரைந்து ஓடு தெரிந்தால், உள்ளே எரிக்கும் காஸ் கூரை வழியாகப் போகிறது. கூரை ஓரத்தில் தடித்த பனிக்கம்பிகள் வரிசையாகத் தொங்கினாலும் அதே நோய்தான். கரைந்த நீர் குளிர்ந்த ஓரத்துக்கு வந்ததும் திரும்ப உறைந்து அணை கட்டிவிடும். பின்னால் வரும் நீர் ஓட்டுக்கு அடியில் புகுந்து சீலிங்கில் கறை விடும். வாங்குகிறவர் கூட்டிவரும் இன்ஸ்பெக்டர் அந்தக் கறையைத் தவற விடமாட்டார்.

அடுத்தது ஊதுபத்தி. வெளியே நல்ல குளிரும் காற்றும் உள்ள ஒரு நாளில் வீட்டைச் சூடாக்கும் காஸ் இயந்திரமான பேர்னஸை நிறுத்தி, சமையலறை, குளியலறை ஃபேன்களைப் போட்டுவிட்டு, ஊதுபத்தியைக் கொளுத்தி அற்றிக்குக்கு ஏறும் மூடியின் விளிம்பு, வெளிச்சுவர் பிளக் பொயின்ட்கள், கதவின் அடி, பேஸ்மென்டில் கொங்கிரீட் சுவருக்கு மேல் மரச்சட்டம் உட்காரும் இடம் என்று மெதுவாகக் கொண்டு போகச் சொல்லுங்கள். புகை நேரே ஏறாமல் சட்டென்று சாய்கிற இடமெல்லாம் ஓட்டை. இவற்றை அடைப்பதற்கு நுரையும் இடுக்கில் பூசும் கோல்க் பசையும் ரப்பர் பட்டியும் போதும். இதைச் செய்த பிறகுதான் அற்றிக்கில் இன்சுலேசன் ஊத வேண்டும். ஓட்டையை விட்டுவிட்டு மேலே கொட்டினால், வீட்டின் ஈரக்காற்று அதற்குள் புகுந்து கூரைப் பலகையில் பூஞ்சணம் பிடிக்கும்.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். அற்றிக்கில் சாம்பலும் பொன்னும் கலந்த நிறத்தில், சிறு கல் போன்ற பொடி கிடந்தால் அதைத் தொடவே கூடாது. அது வெர்மிகியூலைட் என்ற பழைய வகை இன்சுலேசன். அதில் நுரையீரலைக் கெடுக்கும் அஸ்பெஸ்டஸ் கலந்திருக்கலாம். முதலில் ஆய்வுக்குக் கொடுத்துப் பார்க்கட்டும்.

யன்னலில் இரண்டு கண்ணாடிக்கும் நடுவே துடைத்தாலும் போகாத மங்கல் இருந்தால், உள்ளே அடைத்த வாயு போய்விட்டது என்று அர்த்தம். அப்போதும் சட்டம் நல்லதாக இருந்தால் கண்ணாடியை மட்டும் மாற்றலாம். முழு யன்னலையும் பிடுங்க வேண்டியதில்லை. மரம் உக்கியவற்றை மட்டும் புதிதாகப் போடட்டும்.

ஹீட் பம்ப்பை நம்மவர்களுக்கு விளக்குவது லேசு. உங்கள் வீட்டு ஏசி அறைக்குள் இருக்கும் வெப்பத்தை வெளியே தள்ளுகிறது. அதே வேலையை எதிர்த்திசையில், வெளியிலிருந்து உள்ளே செய்தால் ஹீட் பம்ப். கோடையில் ஏசியாகவும் ஓடும். இளங்குளிரில் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு மூன்று யூனிட் வெப்பம் வரை தரும், குளிர் ஏற ஏற அது குறையும். மைனஸ் 25 பாகையிலும் ஓடக்கூடிய வகைகள் உண்டு. வாங்கினால் அந்த வகையைத்தான் வாங்க வேண்டும். பலர் காஸ் பேர்னஸைத் துணைக்கு வைத்துக்கொள்கிறார்கள். ஒன்ராறியோவில் காஸ் மலிவு என்பதால் பில் பாதியாகிவிடும் என்று நம்ப வேண்டாம்.

இங்கே கேட்க வேண்டிய கேள்வி, இப்போதிருக்கும் பேர்னஸுக்கு எத்தனை வயது? புகை உலோகக் குழாயில் ஏறிப் புகைபோக்கி வழியாகப் போனால் பழைய வகை. வெள்ளைப் பிளாஸ்டிக் குழாய் பக்கச் சுவரால் வெளியே போனால் 90 வீதத்துக்கு மேல் திறனுள்ள புதிய வகை. 15 வருடம் தாண்டிய பழைய வகை என்றால் மாற்றுவது நியாயம். நல்ல நிலையில் உள்ள புதிய வகையைக் கழற்றி எறிந்துவிட்டு விற்பனைக்காகவே ஹீட் பம்ப் போடுவதற்கு நான் பணம் கொடுக்க மாட்டேன்.

இனி எனக்கு உண்மையாகவே பயமான இடம். இந்த இயந்திரங்களை மாத வாடகைக்குக் கொடுக்கும் கொம்பனிகள் அங்கே நிறைய. கைக்காசு தேவையில்லை, இங்கே ஒரு கையெழுத்துப் போடுங்கள் என்பார்கள். பத்து வருடம், அதற்கு மேலும் நீளும் ஒப்பந்தங்கள். விற்கும்போது வாங்குகிறவர் அந்த வாடகையை ஏற்க மறுத்தால், பெருந்தொகை கட்டித்தான் அதிலிருந்து வெளியே வரலாம். சில கொம்பனிகள் வீட்டின் காணிப் பதிவிலேயே உரிமை அறிவித்தல் ஒன்றைப் பதிந்து வைத்து, வீடு கைமாறும் நேரத்தில் குடும்பங்களைப் பிழிந்தன. வயதானவர்களும் ஆங்கிலம் தடுமாறுகிறவர்களும் இதில் அகப்படுவதை நினைத்தால் மனம் கொதிக்கிறது. அழையாமல் வீடு தேடி வந்து பேர்னஸ், ஏசி, வாட்டர் ஹீட்டர் விற்பதை ஒன்ராறியோ 2018 மார்ச்சில் தடை செய்தது. நுகர்வோர் சாமான்களுக்காகக் காணிப் பதிவில் அப்படி அறிவித்தல் போடுவதையும் 2024 ஜூனில் சட்டம் போட்டு நிறுத்தினார்கள். ஆனால் வாடகை ஒப்பந்தம் என்பது இன்னும் இருக்கிறது. வாட்டர் ஹீட்டர் சொந்தமா வாடகையா என்று அண்ணாவிடம் இன்றைக்கே கேளுங்கள்.

சரி, பணம்? முதலில் ஒரு எனர்கைட் மதிப்பீட்டுக்குக் கொடுங்கள். பதிவு பெற்ற ஆலோசகர் வந்து, வாசலில் பெரிய ஃபேன் ஒன்றைப் பொருத்திக் காற்று எவ்வளவு கசிகிறது என்று அளந்து, வீடு வருடத்துக்கு எத்தனை கிகாஜூல் சக்தி தின்னும் என்று ஒரு லேபல் தருவார். எண் குறைவாக இருந்தால் நல்ல வீடு. சில நூறு டொலரில் முடிகிற வேலை. அந்த அறிக்கை சொல்லும் வரிசையில் அடைப்பும் அற்றிக்கும் செய்து, முடிந்த பிறகு இரண்டாம் முறை அளக்கட்டும். முன்னும் பின்னுமாக இரண்டு லேபல், இரண்டு வருடத்து காஸ் பில், மின்சார பில், வேலைக்கான ரசீதுகள் எல்லாம் ஒரு ஃபைலில் மேசை மீது இருந்தால் வாங்குகிறவர் நம்புவார். அற்றிக்குக்குள் ஏறிப் பார்க்க அவருக்கு ஏலாது, கடதாசியைப் பார்ப்பார்.

மத்திய அரசு 2021இல் தொடங்கிய வீட்டு மானியம் புதிய விண்ணப்பங்களுக்கு மூடியாகிவிட்டது. அதைக் காட்டி யாராவது ஆசை காட்டினால் ஏமாற வேண்டாம். உங்கள் பங்கை அனுப்புவதானால் இலங்கையின் 2017ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க வெளிநாட்டுச் செலாவணிச் சட்டத்தின்படி எந்தக் கணக்கு வழியாக முடியும் என்று வங்கியில் கேட்டபின் அனுப்புங்கள். வங்கியை விட்டு உண்டியல்காரரிடம் கொடுத்தால் நாளைக்கு வீடு விற்ற காசில் உங்கள் பங்கைக் காட்ட ஒரு துண்டுக் காகிதமும் இருக்காது.

கேள்வி: மகள் லண்டன் ஈஸ்ட்ஹாமில் 1900ஐ ஒட்டிக் கட்டிய தொடர்வீட்டை விற்கப் போகிறாள். சக்திச் சான்றிதழில் ஈ தரம். கூரைக்கு அடியில் நுரை தெளித்தால் தரம் ஏறும் என்று ஒருவர் குறைந்த விலை சொல்கிறாராம்.
– வாசகர், தெஹிவளை

பதில்: தயவுசெய்து வேண்டாம் என்று சொல்லுங்கள். நுரை தெளித்தால் கூரை மரம் உக்கினாலும் வெளியே தெரியாது. அதனால் அங்குள்ள பல வங்கிகள் அப்படிப்பட்ட வீட்டுக்குக் கடன் கொடுக்கத் தயங்குகின்றன, சில மறுத்தே விடுகின்றன. வாங்க ஆசைப்பட்டவருக்குக் கடன் கிடைக்காவிட்டால் எந்தத் தரம் இருந்து என்ன?

சாதாரண கம்பளி போன்ற மினரல் வுல்லை 270 மில்லிமீட்டர் தடிப்புக்கு விரித்தாலே போதும். அந்தக் காலத்து வீடுகள் பெரும்பாலும் ஒற்றைச் சுவர். நடுவில் இடைவெளி இருக்காது, ஆகவே சுவருக்குள் நிரப்புகிறேன் என்று வருபவரையும் அனுப்பிவிடலாம். சான்றிதழின் தரம் ஏ (மிக நல்லது) முதல் ஜி வரை. அது பத்து வருடம் செல்லும். ஆனால் வேலை செய்ததால் அது தானாக மாறாது, புதிதாக எடுக்க வேண்டும். முகவரியைப் போட்டு யாரும் இணையத்தில் பார்க்கலாம் என்பதால், விளம்பரம் போடும் முன்பே எடுத்துவிடுவது புத்தி.

கேள்வி: நுவரெலியாவில் சிறிய வீடொன்று பார்த்திருக்கிறோம். கனடாவிலிருந்து வந்த மைத்துனர் சுவரெல்லாம் இன்சுலேசன் போடச் சொல்கிறார். தேவையா?
– வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: தேவையில்லை. 1,868 மீட்டர் உயரத்தில் சில தை, மாசி இரவுகளில் உறைபனி விழும், ஆனால் கனடாக் குளிர் அல்ல. அங்கே ஈரம்தான் தொல்லை. சீலிங் உள்ள வீடா, கதவடியால் காற்று வருகிறதா, பின்னேர வெயில் உள்ளே விழுகிறதா, அலுமாரிக்குப் பின்னால் பூஞ்சணம் இருக்கிறதா என்று பாருங்கள். கூரையில் சூரிய வாட்டர் ஹீட்டர் இருந்தால் கொஞ்சம் கூடக் கொடுக்கலாம். மின்சார ஹீட்டர் வைக்க நினைத்தால் வயரிங்கை எலக்ட்ரீசியனிடம் காட்டுங்கள். பழைய வயர் 2000 வொட் தாங்காமல் போகலாம். கரிச்சட்டியை மட்டும் மூடிய அறைக்குள் வைத்துத் தூங்காதீர்கள். அதில் வரும் நச்சு வாயுவுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை.