ஹைப்ரிட் கார் மைலேஜ் ஏமாற்றம்: ஜாப் கார்டில் கவனமாக இருங்கள்

கேள்வி: லிட்டருக்கு 28 கி.மீ. என்று சொல்லி ஹைப்ரிட் கார் விற்றார்கள். 18-ஐத் தாண்டவில்லை. அடித்துச் சத்தியம் செய்த சேல்ஸ்மேன் இப்போது போனே எடுப்பதில்லை. சர்வீஸ் சென்டரில், "உங்களுக்கு ஓட்டத் தெரியவில்லை" என்று அவமானப்படுத்தினார்கள். வாங்கி ஒன்றரை வருடமாகிறது. காரைத் திருப்பிக் கொடுத்துப் பணமும், மன உளைச்சலுக்கு நஷ்டஈடும் வாங்க முடியுமா?

பதில்: சேல்ஸ்மேன் சத்தியமும் சர்வீஸ் சென்டர் அவமானமும் நுகர்வோர் ஆணையத்தில் போடும் மனுவில் இரண்டு வரிக்கு மேல் வேண்டாம். கம்பெனி அச்சில் என்ன சொன்னது என்பதுதான் உங்கள் வழக்கு. விளம்பரத்தையும் பிரோஷரையும் தேடி எடுங்கள். 28 என்ற எண்ணுக்குக் கீழே பொடி எழுத்தில் 'சோதனை நிலைமைகளில்' என்று இருக்கிறதா?

இருந்தால் 18 வருகிறது என்பது மட்டும் குறைபாடு ஆகாது. அந்தச் சோதனை ரோட்டில் அல்ல, ஆய்வகத்தில் உருளைகள் மேல் வண்டியை ஓட்டி நடப்பது. சுமார் 20 நிமிடம், உச்ச வேகம் 90 கி.மீ., ஏசி கிடையாது. நின்று நின்று போகிற ஓட்டத்தில்தான் ஹைப்ரிட் மிச்சம் பிடிக்கும். நீங்கள் நாற்கரச் சாலையில் ஏசி போட்டு நூறில் போகிறவர் என்றால் எதிர்தரப்பு வக்கீல் முதலில் அதைத்தான் கேட்பார். பொடி எழுத்தே இல்லாமல் '28 கிடைக்கும்' என்று அச்சடித்திருந்தால் கதை வேறு. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி தவறான விளம்பரம் என்று வாதாடலாம்.

சரி, நான் பயப்படுவது வேறொன்றுக்கு. புகார் கொடுத்ததும் சர்வீஸ் சென்டரில் டேங்க்கை நிரப்பி, அவர்கள் ஆளே பதமாக ஓட்டி, "24 வருகிறது சார்" என்று காட்டுவார்கள். ஜாப் கார்டின் (சர்வீஸில் செய்த வேலையைக் குறிக்கும் சீட்டு) அடியில் 'பரிசோதித்துத் திருப்தி அடைந்தேன்' என்று ஒரு வரி இருக்கும். வண்டி கைக்கு வந்தால் போதும் என்று, வழக்குக்காக என்னிடம் வரும் கட்சிக்காரர்கள் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். பிறகு ஆணையத்தில் எதிர்தரப்பு நீட்டும் முதல் ஆவணம் அதுதான். தயவுசெய்து, 'மைலேஜ் புகார் தீரவில்லை' என்று உங்கள் கைப்பட எழுதி, அதன் கீழே கையெழுத்துப் போடுங்கள். ஏற்கெனவே போட்டிருந்தால் இன்றே மறுப்பு எழுதி ஈமெயிலும் பதிவுத் தபாலும் அனுப்புங்கள். டயர் அளவை மாற்றியிருந்தாலோ, மேலே கேரியர் வைத்திருந்தாலோ அதையும் உங்கள் வக்கீலிடம் மறைக்காதீர்கள்.

இன்னொரு குழி காலக்கெடு. மனுவுக்கு இரண்டு வருடம். கம்பெனியோடு நடக்கும் கடிதப் போக்குவரத்து அந்தக் கெடுவை நீட்டாது. "மேலிடத்தில் பேசிக்கொண்டிருக்கிறோம்" என்ற பதிலை நம்பிக் காத்திருந்து வழக்கையே இழந்தவர்கள் உண்டு.

மீட்டர் போட்டோக்களை வைத்து வண்டியில் குறை என்று நிரூபிக்க முடியாது. ஆய்வக அறிக்கையோ, ஆணையம் நியமிக்கும் நிபுணரின் அறிக்கையோ வேண்டும். கட்டணத்தை உங்களையே கட்டச் சொல்லலாம். லிட்டருக்கு 32 என்று விளம்பரம் செய்த ஒரு டீசல் காரில் நிபுணர் பார்த்தபோது 20 கூட வரவில்லை. திருச்சூர் மாவட்ட ஆணையம் 3 லட்சத்துக்கு மேல் தரச் சொன்னது. ஆனால் கார் வாங்கியது 2014-ல், உத்தரவு வந்தது 2022-ல்.

அதனால் வெளிப்படையாகவே சொல்கிறேன்: முழுப் பணம் கிடைக்கும் என்ற எண்ணத்தை விடுங்கள். மனுவை இந்த மாதமே போடுங்கள். அப்புறம் சமரசத்துக்கு அனுப்பச் சொல்லி நீங்களே கேளுங்கள். ஹைப்ரிட் பேட்டரி வாரன்டி நீட்டிப்பு, சில வருட இலவச சர்வீஸ், கொஞ்சம் ரொக்கம் என்று வந்தால் வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் பேசியது முழுவதும் ஆணையத்தின் உத்தரவில் பதிவாகும் வரை மனுவை வாபஸ் வாங்காதீர்கள்.