போலீசா, சிவில் கோர்ட்டா? வியாபாரச் சட்டம்: வாசகர் கேள்வி பதில்

(இங்கே சொல்வது ஆங்கிலேயச் சட்ட மரபைப் பின்பற்றும் நாடுகளுக்குப் பொதுவாகப் பொருந்தும். காலக்கெடு, எந்த கோர்ட், எவ்வளவு கட்டணம் போன்றவை நாட்டுக்கு நாடு மாறும். அவற்றை உங்கள் வக்கீலிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.)

கேள்வி: மெஷின் சப்ளை செய்வதாக அட்வான்ஸ் வாங்கியவர் மூன்று மாதமாக இழுத்தடிக்கிறார். பொருளும் இல்லை, பணமும் இல்லை. போலீசில் மோசடிப் புகார் கொடு என்கிறார்கள் நண்பர்கள். கொடுக்கட்டுமா?

அவசரப்படாதீர்கள். எனக்கு வரும் கடிதங்களில் அதிகம் பேர் தடுமாறுவது இந்த இடத்தில்தான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். யார் மேல் கோபம் வந்தாலும் முதலில் உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்: அவர் கொடுத்த வாக்கை மீறினாரா, வாக்கு எதுவும் இல்லாமலே எனக்குச் சேதம் செய்தாரா, என் சொத்தை வைத்துக்கொண்டிருக்கிறாரா, அல்லது அரசே முன்வந்து தண்டிக்க வேண்டிய காரியம் செய்தாரா? முதலாவது ஒப்பந்த மீறல், இரண்டாவது தீங்கியல் சட்டம் (கோர்ட் வட்டாரத்தில் டார்ட் என்பார்கள்), மூன்றாவது சொத்துரிமை, நான்காவது குற்றம். ஒரே சம்பவம் இரண்டு மூன்றுக்குள் விழலாம். ஆனால் எதற்குள் விழுகிறது என்பதை வைத்துத்தான் யார் வழக்கு நடத்துவது, எவ்வளவு நிரூபிக்க வேண்டும், கடைசியில் உங்கள் கைக்கு என்ன வரும் என்பதெல்லாம் முடிவாகும்.

உங்கள் விஷயத்தில் எல்லாம் ஒரு கேள்வியில் நிற்கிறது. பணம் வாங்கிய அன்று அவர் மனதில் என்ன இருந்தது? மெஷினைத் தர நினைத்து, தன் பக்கம் சரக்கு சிக்கிக்கொண்டு தரமுடியாமல் போனால் அது வாக்குத் தவறியதுதான், குற்றம் ஆகாது. ஆரம்பத்திலேயே தரும் எண்ணம் இல்லாமல் வாங்கியிருந்தால் அது மோசடி. மனதுக்குள் இருந்ததை யாரும் எட்டிப் பார்க்க முடியாதே என்று கேட்பீர்கள். நடத்தையிலிருந்து ஊகிப்பார்கள்: கொடுத்த முகவரியில் கம்பெனியே இல்லை, ஒரே மெஷினைக் காட்டி நாலு பேரிடம் அட்வான்ஸ் வாங்கியிருக்கிறார், காட்டிய ஆவணம் போலி என்று ஏதாவது கையில் இருந்தால் தாராளமாகப் புகார் கொடுங்கள். வெறும் தாமதமும் "அடுத்த வாரம்" என்ற சமாதானமும் மட்டும் என்றால் கிரிமினல் வழக்கு பெரும்பாலும் நிற்காது. குற்ற வழக்கில் நியாயமான சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டும், சிவிலில் எது நடந்திருக்க வாய்ப்பு அதிகம் என்று காட்டினால் போதும். இன்னொன்று, குற்ற வழக்கு அரசுடையது. அபராதம் விதித்தால் அது பொதுவாக அரசுக்குப் போகும், உங்கள் அட்வான்ஸ் அதோடு சேர்ந்து தானாகத் திரும்பி வராது.

அதனால் முதலில் தேதி குறித்து எழுத்தில் ஒரு நோட்டீஸ் அனுப்புங்கள். அந்தத் தேதியும் தாண்டினால் ஒப்பந்தத்தை முடித்துக்கொள்வதாகத் தெரிவித்துவிட்டு வேறு இடத்தில் மெஷினை வாங்குங்கள். விலை வித்தியாசத்தையும் அட்வான்ஸோடு சேர்த்துக் கேட்கலாம். நஷ்டம் பெருகட்டும் என்று கைகட்டி உட்கார்ந்திருந்தால், தவிர்த்திருக்கக்கூடிய அந்தப் பகுதியை கோர்ட் உங்கள் தலையிலேயே கட்டிவிடும். பில்களைப் பத்திரமாக வையுங்கள்.

கேள்வி: எங்களுக்குள் எல்லாமே வாய்ப்பேச்சும் வாட்ஸ்அப்பும்தான். கையெழுத்து எதுவும் இல்லை. இது ஒப்பந்தம் ஆகுமா?

ஆகும். ஒருவர் தெளிவாக ஒன்றை முன்வைக்க, மற்றவர் அதை அப்படியே ஏற்க, இரண்டு பக்கமும் ஏதோ ஒன்றைக் கொடுத்து ஏதோ ஒன்றைப் பெற (இதைத்தான் மறுபயன் என்கிறார்கள்), சட்டப்படி கட்டுப்படும் எண்ணமும் இருந்துவிட்டால் ஒப்பந்தம் பிறந்துவிடும். நிலம் விற்பது, அடுத்தவர் கடனுக்கு ஜாமீன் நிற்பது மாதிரி சிலவற்றுக்குத்தான் பல நாடுகள் எழுத்தைக் கட்டாயமாக்குகின்றன.

இங்கிலாந்தில் 1892-ல் தீர்ப்பான கார்லில் வழக்கைச் சட்டம் படிக்கும் எல்லோருக்கும் சொல்லிக்கொடுப்பார்கள். எங்கள் புகை உருண்டையை (மூக்கால் உறிஞ்சும் மருந்து அடைத்த ரப்பர் பந்து) சொன்ன விதத்தில் பயன்படுத்தியும் இன்ஃப்ளூயன்சா வந்தால் 100 பவுண்டு தருகிறோம், அதற்காக 1,000 பவுண்டு பேங்கில் போட்டிருக்கிறோம் என்று ஒரு கம்பெனி விளம்பரம் செய்தது. கார்லில் என்ற பெண்மணி சொன்னபடி பயன்படுத்தினார், காய்ச்சலும் வந்தது. அதெல்லாம் சும்மா விளம்பரப் பேச்சு என்று கம்பெனி வாதாடியது. பேங்கில் பணம் போட்டதாகச் சொன்ன பிறகு அதை யார் சும்மா பேச்சு என்று எடுத்துக்கொள்வார்கள் என்று கோர்ட் கேட்டது, கம்பெனி பணம் கொடுக்க வேண்டியதாயிற்று.

வாட்ஸ்அப் என்று கேட்டதால் இதையும் சொல்லிவிடுகிறேன். கனடாவின் சஸ்காட்செவன் மாகாணத்தில் ஆளி விதை வாங்கும் ஒரு நிறுவனம் ஒப்பந்தத்தைப் படமெடுத்து, உறுதி செய்யும்படி விவசாயிக்கு மெசேஜ் அனுப்பியது. அவர் கட்டைவிரல் இமோஜி ஒன்றைத் தட்டிவிட்டார், விதையை அனுப்பவில்லை. பார்த்தேன் என்ற அர்த்தத்தில்தான் போட்டேன் என்றார். இதற்கு முன்பும் இதே இரண்டு பேர் "ஓகே" மாதிரியான ஒற்றைச் சொல் பதிலை வைத்துத்தான் வியாபாரம் செய்துவந்தார்கள் என்பதைப் பார்த்த கோர்ட், 2023-ல் அந்த இமோஜியைச் சம்மதமாகவே எடுத்துக்கொண்டு 82,000 கனடிய டாலருக்கு மேல் கொடுக்கச் சொன்னது. ஆகவே மெசேஜ்களை அழிக்காதீர்கள். போனில் பேசி முடித்ததும் விலை, அளவு, தேதி மூன்றையும் எழுதி, "இப்படித்தானே பேசினோம், சரியா?" என்று ஒரு மெசேஜ் அனுப்புங்கள். பிற்பாடு பெரிய உதவி.

கேள்வி: என் ஆன்லைன் கடையில் விலையில் ஒரு பூஜ்யம் விட்டுப்போய்விட்டது. ஒருவர் அந்த விலைக்கே கொடுத்தாக வேண்டும் என்று நிற்கிறார்.

விலையைக் காட்டி வைப்பது பொதுவாக வாங்க வாருங்கள் என்ற அழைப்புதான். வாடிக்கையாளர் ஆர்டர் போடுவது முன்மொழிவு, நீங்கள் ஏற்றால்தான் ஒப்பந்தம். ஆர்டர் உறுதியானது என்று உங்கள் சிஸ்டமே மெயில் அனுப்பியிருந்தால் நிலைமை கடினம், ஆனாலும் கதவு முழுக்க மூடிவிடாது. சிங்கப்பூரில் 2003-ல் 3,854 டாலர் லேசர் பிரின்ட்டர் ஒன்று இணையத்தில் தவறுதலாக 66 டாலருக்கு வந்துவிட்டது. சிலர் நடுராத்திரியில் ஒருவரையொருவர் எழுப்பி, ஆயிரத்துக்கும் மேல் ஆர்டர் போட்டார்கள். அது தவறான விலை என்று தெரிந்தே போட்டார்கள் என்று கண்டு கோர்ட் அவர்கள் வழக்கைத் தள்ளுபடி செய்தது, 2005-ல் அப்பீலிலும் அதுவே நின்றது. உங்கள் ஆள் ஒரே ஒரு பொருளை நம்பி வாங்கியிருந்தால் அவர் தெரிந்தே போட்டார் என்று காட்டுவது சிரமம். பேசித் தீர்த்துக்கொள்வதுதான் நல்லது.

கேள்வி: நாங்கள் தயாரித்த பொருளால் ஒருவருக்குக் காயம். அவர் எங்களிடம் வாங்கவே இல்லை, அவருடைய தங்கைதான் அதைக் கடையில் வாங்கினார். எங்களுக்கும் அவருக்கும் ஒப்பந்தமே இல்லாதபோது நாங்கள் எப்படிப் பொறுப்பு?

1932 வரை இந்த வாதம் பெரும்பாலும் எடுபட்டிருக்கும். ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லி நகரத்தில் 1928-ல் டோனஹ்யூ என்ற பெண்ணுக்குத் தோழி ஒருவர் ஜிஞ்சர் பீர் வாங்கிக்கொடுத்தார். பாட்டில் உள்ளே தெரியாத நிறம். பாதி குடித்தபின் மீதியை ஊற்றும்போது அழுகிய நத்தை வந்து விழுந்தது, அதனால் உடம்பு கெட்டது என்பது அவர் புகார். காசு கொடுத்தது தோழி, ஆகவே டோனஹ்யூவுக்குக் கடைக்காரரோடும் ஒப்பந்தம் இல்லை, தயாரித்தவரோடும் இல்லை. வழக்கு பிரிட்டனின் பிரபுக்கள் சபை (அன்று அங்கே மிக உயர்ந்த அப்பீல் கோர்ட்) வரை போய் 1932-ல் தீர்ப்பானது. நம் செயலால் நெருக்கமாகவும் நேரடியாகவும் பாதிக்கப்படக்கூடியவர் யாரோ அவரே சட்டத்தின் கண்ணில் நம் அண்டை வீட்டார், அவருக்குத் தீங்கு வராமல் நியாயமான கவனம் எடுப்பது நம் கடமை என்ற கொள்கையை அட்கின் பிரபு எழுதினார். ஐந்து நீதிபதிகளில் மூன்று பேர் டோனஹ்யூ பக்கம். நத்தை உண்மையில் இருந்ததா என்பது நிரூபணத்துக்கே வரவில்லை, பிறகு சமரசமாக முடிந்தது. ஆனால் இன்று உலகம் முழுக்க நடக்கும் எத்தனையோ கவனக்குறைவு வழக்குகளுக்கு அந்த பாட்டில்தான் ஆரம்பம், நினைத்தால் எனக்கு இன்னும் ஆச்சரியம்தான்.

சரி, உங்களுக்கு வருவோம். காயம்பட்டவர் நாலு விஷயம் காட்ட வேண்டும்: உங்களுக்குக் கவனக் கடமை இருந்தது, அதில் தவறினீர்கள், அந்தத் தவறால்தான் காயம், அப்படிப்பட்ட காயம் முன்கூட்டியே எதிர்பார்க்கக்கூடியது. பல நாடுகளில் பழுதான பொருள் என்று காட்டினாலே போதும், தயாரிப்பாளரின் கவனக்குறைவை நிரூபிக்க வேண்டியதில்லை என்று தனிச் சட்டமும் உண்டு. ஆகவே "அவர் எங்கள் கஸ்டமர் இல்லை" என்று பதில் எழுதிவிடாதீர்கள். அந்த பேட்ச் தயாரான நாளின் பரிசோதனைப் பதிவுகள், பெட்டியில் இருந்த எச்சரிக்கை வாசகம், அவர் பொருளை எப்படிப் பயன்படுத்தினார் என்ற விவரம், இவைதான் உங்களைக் காக்கும். அவர் பக்கமும் கவனக்குறைவு இருந்தால் இழப்பீடு அந்த அளவுக்குக் குறையலாம். காப்பீட்டு நிறுவனத்துக்கு இன்றே தகவல் சொல்லுங்கள், தாமதித்தால் அவர்கள் கைகழுவ வாய்ப்பிருக்கிறது.

கேள்வி: டெலிவரி டிரைவர் செய்த விபத்துக்கு முதலாளி நான் பொறுப்பா? வண்டியை ஓட்டியது நான் இல்லையே.

வேலை நேரத்தில், வேலை சம்பந்தமாக ஓட்டினார் என்றால் நஷ்ட ஈட்டுக்கு நீங்களும் பொறுப்பு, உங்கள் மேல் தவறே இல்லாவிட்டாலும். அவர் குடித்துவிட்டு ஓட்டியிருந்தால் அந்தக் குற்றத்துக்கான தண்டனை பொதுவாக அவருக்கு மட்டும்.

கேள்வி: பழைய இயந்திரம் ஒன்றை நல்ல விலை கொடுத்து, ரசீதோடு வாங்கினேன். இப்போது அது திருட்டுப் பொருள் என்று உரிமையாளர் வந்து நிற்கிறார். நான் நேர்மையாகத்தானே வாங்கினேன்?

உங்கள் நேர்மையை யாரும் சந்தேகிக்கவில்லை, ஆனால் தன்னிடம் இல்லாத உரிமையை யாராலும் விற்க முடியாது. திருடனுக்கு உரிமை இல்லை, அவனிடம் வாங்கியவருக்கும் இல்லை, அது எத்தனை கை மாறினாலும் அப்படித்தான். பொருள் பெரும்பாலும் உண்மையான உரிமையாளருக்கே போகும். உங்களுக்கு விற்றவரிடம் முழுப் பணத்தையும் திரும்பக் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு, ஏனென்றால் இது என்னுடையது, விற்க எனக்கு உரிமை உண்டு என்ற உறுதி எந்த விற்பனையிலும் சொல்லாமலே அடங்கியிருக்கிறது.

திருடியதற்குப் பதிலாக, முதல் உரிமையாளரை ஏமாற்றி அவர் சம்மதத்தோடு விலைக்கே வாங்கிய ஆள் உங்களுக்கு விற்றிருந்தால் கதை வேறு. உரிமையாளர் அந்த விற்பனையை ரத்து செய்யும் முன்பு விவரம் தெரியாமல் விலை கொடுத்து வாங்கியவருக்குப் பல நாடுகளில் பாதுகாப்பு உண்டு. அதனால் பொருள் முதல் கையிலிருந்து எப்படிப் போனது என்று தோண்டி விசாரியுங்கள். ஒன்று மட்டும் கவனம்: திருட்டு என்று தெரிந்த பிறகு அதை ஒளித்து வைப்பதோ அவசரமாக விற்றுத் தள்ளுவதோ தனிக் குற்றம்.

கேள்வி: லோகோவுக்கு டிசைனருக்குப் பணம் கொடுத்துவிட்டேன். இனி அது என் சொத்துதானே?

பல நாடுகளில் இல்லை! சம்பளத்துக்கு இருக்கும் ஊழியர் வேலையின் பகுதியாக வரைந்தால் பதிப்புரிமை முதலாளிக்கு. வெளியாளிடம் வரையக் கொடுத்தால், எழுத்தில் மாற்றித் தரும் வரை உரிமை பெரும்பாலும் அவரிடமே. பணம் கொடுத்தது பயன்படுத்தும் அனுமதியை வாங்கித் தந்திருக்கும், அவ்வளவுதான். ஒரு பக்கத்தில் உரிமை மாற்றப் பத்திரம் எழுதி வாங்குங்கள், அப்புறம் டிரேட்மார்க் பதிவு செய்யுங்கள்.

கேள்வி: பார்சல் கம்பெனி உதிரிபாகத்தைத் தாமதமாகக் கொண்டுவந்ததால் ஒரு வாரம் என் தொழிற்கூடம் நின்றுபோனது. இழந்த லாபம் முழுவதையும் கேட்கலாமா?

அனுப்பும்போது அவர்களிடம் சொன்னீர்களா? அதைப் பொறுத்தது. இங்கிலாந்தில் 1854-ல் தீர்ப்பான வழக்கில் ஹாட்லி என்ற மாவு ஆலைக்காரருக்கு இதேதான் நடந்தது. ஆலையின் உடைந்த கிராங்க் ஷாஃப்ட்டை, புதிது செய்வதற்கு மாதிரியாக அனுப்பினார், ஏற்றிச் சென்றவர்கள் தாமதித்தார்கள், ஆலை கூடுதல் நாள் மூடிக் கிடந்தது. சாதாரணமாக எவருக்கும் விளையும் நஷ்டமும், ஒப்பந்தம் போடும்போதே இரு தரப்பும் மனதில் கொண்டிருக்கக்கூடிய நஷ்டமும்தான் கிடைக்கும் என்று கோர்ட் சொன்னது. அந்த ஷாஃப்ட் இல்லாமல் ஆலையே ஓடாது என்ற தனிச் சூழ்நிலையை எதிர்த்தரப்பு அறிந்திருக்கவில்லை என்று கருதி, லாப இழப்பைத் தர மறுத்தது. இனி அனுப்பும்போது, இது வராவிட்டால் வேலை நிற்கும் என்று எழுத்தில் சொல்லிவிடுங்கள். ரசீதின் பின்பக்கம் பொடி எழுத்தில் பொறுப்பு வரம்பு ஏதாவது இருக்கிறதா என்றும் பாருங்கள்.

கேள்வி: என் தொழில் பிரைவேட் லிமிடெட் கம்பெனி. கம்பெனி கடனுக்கு என் வீட்டைத் தொடமுடியாது என்கிறார்கள், உண்மையா?

கம்பெனி தனி ஆள், நீங்கள் தனி ஆள். 1897-ல் சாலமன் வழக்கில் பிரபுக்கள் சபை இதை உறுதி செய்தது: கிட்டத்தட்ட எல்லாப் பங்கும் ஒருவரிடமே இருந்தாலும் கம்பெனியின் கடன் அவருடைய கடன் ஆகாது. இது வரை நீங்கள் கேள்விப்பட்டது சரி. ஆனால் பேங்கும் கட்டட உரிமையாளரும் சப்ளையரும் இந்தச் சட்டத்தை உங்களைவிட நன்றாக அறிவார்கள், அதனால்தான் கடன் காகிதங்களோடு தனிநபர் உத்தரவாதம் ஒன்றையும் வைத்துக் கையெழுத்து வாங்குகிறார்கள். அதில் நீங்கள் போடும் கையெழுத்து கம்பெனிக்காகப் போட்டது ஆகாது, உங்கள் சொந்தப் பொறுப்பு. அதோடு, நீங்களே கவனக்குறைவாகச் செய்த தீங்குக்கும் நீங்களே செய்த மோசடிக்கும் கம்பெனி கேடயமாக நிற்காது. முன்பு கையெழுத்திட்ட காகிதங்களை எடுத்து "உத்தரவாதம்", "ஜாமீன்" என்று எங்காவது இருக்கிறதா, தொகைக்கு வரம்பு உண்டா, எப்போது முடிகிறது என்று பாருங்கள். கடன் அடைந்துபோயிருந்தால் அந்த உத்தரவாதத்திலிருந்து விடுவித்ததாக ஒரு கடிதம் கேட்டு வாங்குங்கள்.