குறைந்த செலவில் வித்தியாசமான மணிகள்

மாலை கோக்க மணி தேடினால் எங்கே பார்த்தாலும் ஒரே மாதிரி பிளாஸ்டிக் மணிகள், வித்தியாசமானவை விலை கட்டுப்படியாகவில்லை என்று எழுதியிருந்தீர்கள். முதலில் பழைய பொருள் விற்கும் இடங்களில் தேடுங்கள். அறுந்த மாலையை யாரும் சீண்டுவதில்லை. நல்ல கண்ணாடி மணிகள் அதில்தான் சிக்கும். கையில் எடுத்துப் பாருங்கள். கண்ணாடி சில்லென்று, கனமாக இருக்கும். துளையின் ஓரத்தையும் விரலால் தடவுங்கள். கூராக இருந்தால் நூலை அறுத்துவிடும், நைலான் பூசிய கம்பிதான் அதற்குச் சரி.

அப்புறம், மேற்கு ஆப்பிரிக்க நாடான கானாவின் குரோபோ மக்கள் பழைய பாட்டில்களைப் பொடித்துக் களிமண் அச்சில் சுட்டெடுக்கும் மணிகள். ஒன்றுபோல் இன்னொன்று இருக்காது, எனக்கு அவ்வளவு பிடிக்கும்! மாலையின் நடுவில் இவற்றில் மூன்று மட்டும் கோத்து, மீதியை 2 மில்லிமீட்டர் பாசிமணிகளால் நிரப்பினால் செலவு அடங்கிவிடும்.