நரிவேட்டைக்குக் கூப்பிட்டால் போகலாமா? வாழப்பாடித் தம்பிக்கு ஒரு பதில்

தம்பி, நீங்கள் கேட்டது இதுதான். இங்கிலாந்தின் லெஸ்டர்ஷயர் கிராமத்தில் ஆட்டுப் பண்ணை ஒன்றின் பின்கட்டு வீட்டுக்குக் குடிவந்திருக்கிறீர்கள். கிறிஸ்துமஸுக்கு மறுநாள், பாக்சிங் டே அன்று பக்கத்து டவுனில் குதிரைகளும் வேட்டை நாய்களும் கூடும், குடும்பத்தோடு வாருங்கள் என்று வீட்டு ஓனர் கூப்பிடுகிறார். நரி ஆட்டுக்குட்டியைத் தூக்கிப் போகிறது, வேட்டை இல்லாவிட்டால் விவசாயி பிழைக்க முடியாது என்கிறார். உங்கள் கோழிகளையும் ஒரே ராத்திரியில் நரி கடித்துப் போட்டுவிட்டது. அவர் சொல்வது சரியா, போகாவிட்டால் மனக்கசப்பு வருமா என்று கேட்கிறீர்கள்.

சட்டத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நாய்க்கூட்டத்தை ஏவி நரியைத் துரத்திக் கொல்வது 2005 பிப்ரவரி 18 முதல் குற்றம். 2004-ல் வந்த வேட்டைச் சட்டம் அது. பிரபுக்கள் சபை என்ற மேல்சபை ஒத்துக்கொள்ளாமலே, அதை மீறி நிறைவேற்ற வழிதரும் நாடாளுமன்றச் சட்டங்களைப் பயன்படுத்தி மக்கள் சபை நிறைவேற்றியது. ஸ்காட்லாந்து 2002-லேயே தடை போட்டு, 2023-ல் இன்னும் இறுக்கியது. ஆனால் நீங்கள் பார்க்கப்போகும் குதிரைகளும் சிவப்புக் கோட்டும் கொம்பு ஊதுவதும் எதுவும் நிற்கவில்லை. முன்கூட்டியே தரையில் இழுத்துவிட்ட வாசனையை நாய்கள் மோப்பம் பிடித்து ஓடுகின்றன, உயிருள்ள நரியைத் துரத்தவில்லை என்பது வேட்டைக் குழுக்கள் சொல்லும் கணக்கு. பேர், டிரெய்ல் ஹண்டிங். அந்த வாசனைக்குப் பல இடங்களில் நரியின் மூத்திரத்தையே சேர்ப்பார்கள். நரி வாசனைக்குப் பழகிய நாய்கள் புதருக்குள் நிஜ நரியைக் கண்டுவிட்டால் என்ன ஆகும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. இந்த ஓட்டையையும் அடைப்போம் என்று லேபர் கட்சி 2024 தேர்தல் அறிக்கையில் எழுதியது.

அடுத்தது, வேட்டை இல்லாமல் நரி பெருகிவிடும் என்ற வாதம். இதற்குப் பதில் 2001-லேயே கிடைத்துவிட்டது. அந்த வருஷம் கோமாரி நோய் நாடு முழுக்கப் பரவியதால் கிராமப்புற நடமாட்டத்துக்கே தடை வந்தது. வேட்டையும் ஏறக்குறைய ஒரு வருஷம் நின்றது. நரி எண்ணிக்கை கூடியதா என்று பிரிஸ்டல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வயல்வெளிகளில் கணக்கெடுத்தார்கள். குறிப்பிடும்படியாக எதுவும் கூடவில்லை. அதற்கு முந்தைய வருஷம், அரசு அமைத்த பர்ன்ஸ் பிரபுவின் விசாரணைக் குழுவும், நன்றாக இருக்கும் குட்டிகளில் நரி கொல்வது 2 சதவீதத்துக்கும் குறைவு என்று சொல்லியிருந்தது. குளிரிலும் மழையிலும் நோயிலும் பாலில்லாமலும் சாகும் குட்டிகள்தான் அதிகம்.

இந்த ஊர்ப் பக்கத்துச் சரித்திரமே இன்னும் தெளிவாகப் பேசும். லெஸ்டர்ஷயரின் குவோர்ன் ஹால் மாளிகையில் இருந்துகொண்டு 18-ஆம் நூற்றாண்டில் ஹ்யூகோ மெய்னல் என்ற பணக்காரர் வேகமாக ஓடும் நாய் வம்சத்தை வளர்த்தெடுத்த பிறகுதான், குதிரையை விரட்டிக்கொண்டு வேலி தாண்டும் இன்றைய நரிவேட்டை உருவானது. அதன் பிறகு லெஸ்டர்ஷயரில் என்ன செய்தார்கள் தெரியுமா? நரி தங்குவதற்கென்றே புதர்க்காடுகளை நட்டார்கள். கல்லும் மண்ணும் வைத்துப் பொந்து கட்டிக் கொடுத்தார்கள். நரி குறைந்த இடங்களுக்கு, ஐரோப்பாவிலிருந்து வந்த நரிகளை லண்டன் லெடன்ஹால் சந்தையில் காசு கொடுத்து வாங்கிப் போய் விட்டார்கள். விவசாயி தன் கோழிக்காக நரியைச் சுட்டுவிடக் கூடாதே என்று, செத்த கோழிக்கு வேட்டைக் குழுவே நஷ்டஈடு கொடுத்தது. தன் நிலத்தில் நரியைச் சுட்டவன் மேல்குடியினர் நடுவே தலைகாட்ட முடியாது. எலியை ஒழிக்கிறேன் என்பவன் எலிக்கு வளை தோண்டிக் கொடுப்பானா? அவர்களுக்கு நரி வேண்டும், ஓட வேண்டும், அதைப் பார்க்க வேண்டும். அதற்குத் தொல்லைப் பிராணியை ஒழிக்கும் நியாயத்தைச் சாத்துவதைத்தான் நான் ஏற்க மறுக்கிறேன்.

இதைச் சொல்லும்போதே, உங்கள் ஓனர் கெட்டவர் என்று நினைத்துவிடாதீர்கள். அவர் பக்கத்து நியாயம் வேறு இடத்தில் இருக்கிறது. 2003-லிருந்து செத்த ஆட்டையோ மாட்டையோ சொந்த நிலத்தில் புதைக்கக் கூடாது. ராத்திரி ஒரு பெட்டை ஆடு செத்தால், மறுநாள் வந்து தூக்கிப் போக யாராவது வேண்டும். பல ஊர்களில் அந்த வேலையைக் குறைந்த கூலிக்குச் செய்வது வேட்டைக் குழுவின் நாய்க்கொட்டில்தான். அந்த இறைச்சி நாய்களுக்கு உணவு. கால் ஒடிந்த குதிரைக்குக் கடைசி உதவி செய்ய வருவதும் அவர்களே. லாடம் அடிப்பவர், சேணம் தைப்பவர், வைக்கோல் விற்பவர் என்று பலர் வயிறும் அதோடு பின்னியிருக்கிறது. 2002 செப்டம்பரில் நான்கு லட்சம் பேருக்கு மேல் லண்டன் தெருவில் இறங்கியது நரிக்காக மட்டும் அல்ல. நகரத்துக்காரன் எங்கள் வாழ்க்கையை முடிவு செய்வதா என்ற கோபமும் அதில் இருந்தது. அந்தக் கோபத்தை நான் மதிக்கிறேன். ஆனால் பிணம் அள்ளும் சேவைக்கு விலையாக ஓர் உயிரை மணிக்கணக்கில் விரட்ட வேண்டியதில்லை. வேல்ஸ் மலைக்காடுகளில் துப்பாக்கிக்கு முன்னால் நரியைக் கிளப்ப நாய் வேண்டியிருக்கிறது என்பதை பர்ன்ஸ் குழுவும் ஒப்புக்கொண்டது. நம் லெஸ்டர்ஷயர் வயல்வெளி அப்படிப்பட்ட இடமே இல்லை.

நரியைக் கொல்வது பற்றி என் மனதில் உள்ளதை ஒளிக்காமல் சொல்கிறேன். ஈன்றுகொண்டிருக்கும் ஆட்டுப் பட்டிக்குத் திரும்பத் திரும்ப வந்து, உயிரோடிருக்கும் குட்டியைப் பிடிக்கும் நரியை விவசாயி சுட்டால் நான் அவரைக் குறை சொல்ல மாட்டேன். நரியைச் சுட இங்கே சட்டத்தில் தடைக்காலம் கிடையாது. ஆனால் யார், எதனால், எப்போது சுடுகிறார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ராத்திரியில் விளக்கோ வெப்பக் கேமராவோ வைத்து, பழகிய கை ரைஃபிளால் சுட்டால் பெரும்பாலும் அந்த இடத்திலேயே முடிந்துவிடும். பகலில் ஷாட்கன்னால் தூரத்திலிருந்து சுட்டால் குண்டுக் காயத்தோடு ஓடிப் போய்ப் புதருக்குள் கிடந்து சாகும். வசந்த காலத்தில் பால் கொடுக்கும் பெட்டை நரியைச் சுட்டால் பொந்துக்குள் இருக்கும் குட்டிகள் பட்டினியில் சாகும். இதை யோசிக்காதவர் கையில் துப்பாக்கி இருக்கக் கூடாது. விஷம் வைப்பது குற்றம். கண்ணி வைப்பதை வேல்ஸ் 2023-லும் ஸ்காட்லாந்து 2024-லும் அடியோடு நிறுத்திவிட்டன. கண்ணி, மாட்டியது நரியா, வளைக்கரடியா, பக்கத்து வீட்டுப் பூனையா என்று பார்ப்பதில்லை. பட்டியோரம் நரியைப் பார்த்ததும் கொலைகாரன் என்று முடிவு கட்டவும் கூடாது. அது பெரும்பாலும் வருவது இளங்கொடியைத் தின்னவும், செத்துப் பிறந்த குட்டியை இழுத்துப் போகவும்தான்.

நீங்கள் வாழப்பாடிப் பக்கம் என்று எழுதியதால் ஒன்று கேட்கிறேன். பொங்கல் சமயத்தில் அங்கே சில ஊர்களில் வங்காநரியைப் பிடித்து வந்து, வாயைக் கட்டி, கூட்டத்துக்கு நடுவே ஓடவிடுவார்கள். நரி முகத்தில் விழித்தால் மழை வரும், விளைச்சல் பெருகும் என்று நம்பிக்கை. வங்காநரி 1972 வனவிலங்குச் சட்டத்தின் பாதுகாப்பில் உள்ள பிராணி. வனத்துறை வழக்குப் போட்டு அபராதம் விதித்தும் சில இடங்களில் தொடர்ந்திருக்கிறது. “தாத்தா காலத்துப் பழக்கம், அதிகாரிக்கு என்ன தெரியும்” என்று நம் ஊரில் சொல்வதைத்தான் உங்கள் ஓனரும் சொல்கிறார். ஊட்டியில் வெள்ளைக்காரர்கள் வென்லாக் புல்வெளியில் ஹவுண்டு நாய்களை வைத்துக் குள்ளநரியைத் துரத்தியபோதும் இதே நியாயம்தான். இந்த மூன்றிலும் ஒரே அளவுகோலைத்தான் வைக்கிறேன். அந்தப் பிராணி பயந்து ஓடுவதே கூட்டத்துக்கு வேடிக்கை என்றால், அது எந்த நாட்டுப் பழக்கமாக இருந்தாலும் எனக்கு வேண்டாம்.

உங்கள் கோழிகளுக்கு வருவோம். நரி எல்லாவற்றையும் கடித்துவிட்டு ஒன்றைத்தான் தூக்கிப் போனது என்று வருந்தி எழுதியிருந்தீர்கள். அது வெறி இல்லை. அடைபட்ட இடத்தில் படபடக்கும் இரை இருந்தால் கொன்று, பிறகு ஒவ்வொன்றாக எடுத்துப் போய்ப் புதைத்து வைக்கும். சத்தம் போட்டு விரட்டாமல் இருந்தால் மீதிக்கும் திரும்பி வந்திருக்கும். ஒரு நரியைச் சுட்டால் அந்த இடத்துக்கு வேறொன்று வந்துவிடும். கூண்டைச் சரிசெய்யாமல் துப்பாக்கியை நம்பினால் ஒவ்வொரு வருஷமும் கோழி போகும். கடையில் ‘சிக்கன் வயர்’ என்று விற்கும் மெல்லிய வலையை நரி பல்லால் கிழித்துவிடும். வெல்டு மெஷ் வாங்கி, அடிப்பகுதியை வெளிப்பக்கமாகத் தரையில் மடித்துப் பரப்பி மேலே மண் போடுங்கள். தோண்ட வரும் நரி அங்கேயே தடுக்கப்படும். பொழுது சாய்ந்ததும் தானாக மூடும் கதவு கிடைக்கிறது. ஷிஃப்ட் முடிந்து இருட்டில் வீடு திரும்பும் உங்கள் இருவருக்கும் அதைவிடப் பயனுள்ள செலவு இல்லை. முக்கியமாக, 2024 அக்டோபர் முதல் இங்கிலாந்தில் ஒரே ஒரு கோழி வைத்திருந்தாலும் அரசிடம் பதிவு செய்தாக வேண்டும். பறவைக் காய்ச்சல் காரணமாக வந்த சட்டம். புதுக் கோழி வாங்கும் முன் பதிவை முடித்துவிடுங்கள்.

ஓனரிடம் என்ன சொல்வது? “கூப்பிட்டதற்கு நன்றி, நாய்கள் நரியைத் துரத்துவதை நாங்கள் பார்க்க விரும்பவில்லை” என்று நேராகச் சொல்லுங்கள். பொய்க் காரணம் வேண்டாம். சின்ன ஊரில் அடுத்த நாளே தெரிந்துவிடும். டவுன் சதுக்கத்தில் குதிரை பார்க்க மட்டும் போனாலும் பாவமில்லை. ஆனால் ஒருபக்கம் வேட்டைக்காரர், மறுபக்கம் முகமூடி கட்டிய எதிர்ப்பாளர் என்று வார்த்தை தடிக்கும். குழந்தையோடு அங்கே நிற்காதீர்கள். வயலில் நாய்க்கூட்டம் நிஜ நரியைத் துரத்துவதைக் கண்ணால் பார்த்தால் போலீஸ் 101 எண்ணுக்குச் சொல்லலாம். வாடகைக்கு இருப்பவர் சொல்லக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை.

வேட்டைக்கு வரமாட்டேன் என்றவரோடு இங்கே உறவு அறுந்துவிடாது. மார்ச் மாதம் ஆடுகள் ஈனும்போது ராத்திரி விழித்திருக்க ஆள் இல்லாமல் அவர் திண்டாடுவார். அப்போது நீங்களாகப் போய் நில்லுங்கள். பட்டியில் ஆள் நடமாட்டமும் வெளிச்சமும் இருந்தால் நரியும் தூரமாக நிற்கும். உங்கள் மனைவி கர்ப்பமாக இருப்பதாக எழுதியிருந்தீர்கள். அவர் மட்டும் ஈனும் ஆட்டின் பக்கமோ, புதுக் குட்டியின் பக்கமோ போகவே கூடாது. அவற்றிலிருந்து வரும் தொற்று கருவைக் கலைத்துவிடக்கூடும். பட்டியிலிருந்து வந்ததும் உங்கள் பூட்ஸையும் துணியையும் வெளியிலேயே கழற்றி, நீங்களே துவையுங்கள், அவர் தொட வேண்டாம்.